புதன் மாலை மாற்றிய வரி

யூலை 9, வியாழன்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். எட்டு மணிக்குப் பண்ணைக்குப் போனால் மூன்றாம் குளத்து இறால் முழுவதும் செத்துக் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கிறது. தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் விடியும் முன் சுற்றவில்லையாம்.

காவலுக்கு நின்ற சலீம் நானாவை முகாமையாளர் எல்லார் முன்னாலும் ஏசினார். "நீ படுத்துட்டாய்."

"வல்லாஹி நான் படுக்கல்ல சேர். உங்களுக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தேன், நீங்க தூக்கல்ல. கம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும், சுவிட்சில கை வைக்க வேணாம்னு சொல்லித்தானே வெச்சிருக்கு."

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொன்னது அந்தக் கம்பியூட்டருக்குப் பொறுப்பான நான்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கண் அயர்ந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

யூலை 10, வெள்ளி

செய்ய வேண்டியவை: பிரிண்டருக்கு மை, அலுவலக வைஃபை, அம்மாவின் மருந்து. ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் குளத்துச் சக்கரங்களை ஓட்டும் கணினியின் அமைப்புக் கோப்புகளைப் போன மாதம்தான் கிட் (Git) என்ற பதிவு மென்பொருளில் போட்டேன். யார், எப்போது, எந்த வரியை மாற்றினாலும் பதிவாகும். யாராவது கை வைத்திருப்பார்களோ என்று தேடினேன்.

புதன், மாலை 4.12. என் பெயர். பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: "சின்னத் துப்பரவு."

வேறொரு கணினியின் கோப்பை அப்படியே பிரதி பண்ணியிருக்கிறேன். நேர வலயம் இலங்கையிலிருந்து கிரீன்விச்சுக்கு மாறிவிட்டது. ஐந்தரை மணி நேரம் பிந்தல். அதிகாலை இரண்டு மணிக்குச் சுற்ற வேண்டிய சக்கரம் ஏழரைக்கு.

வரியைத் திருத்தினேன். மத்தியானச் சாப்பாடு அப்படியே.

பழைய பதிவை அழிக்க ஒரு நிமிடம் போதும். பண்ணையில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்.

யூலை 11, சனி

முகாமையாளரிடம் காட்டினேன். கதவைச் சாத்தினார்.

"இதை அழிச்சுவிடுங்க மிஸ். திங்கட்கிழமை கொழும்பில இருந்து முதலாளி வாறார். சலீமுக்கு வேற வேலை கிடைக்கும். உங்களுக்கு?"

தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கம். பின்னேரம் முழுக்கக் கரண்ட் இல்லை.

யூலை 13, திங்கள்

அழிக்கவில்லை. பதிவை அச்செடுத்து முதலாளியின் கையில் கொடுத்தேன். "பிழை என்னுடையது. சலீம் நானா படுக்கவில்லை."

இரண்டு தரம் வாசித்தார். நானாவைத் திரும்ப எடுக்கச் சொன்னார். எனக்கு: "இந்த மாசத்தோட வேலையை நிப்பாட்டிக்கொள்ளுங்க." முகாமையாளர் என் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

யூலை 14, செவ்வாய்

நானாவின் ஊரான மாம்புரிக்குப் பஸ். நானா மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். மனைவி பிளேன்டீ தந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பிழை விடாத ஆள் யாரு மகள்."

பண்ணைக்கு எப்போது வருவீர்கள் என்றேன்.

"வரல்ல." குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். "அன்டைக்கு அவ்வளவு பேர் நின்டீங்க. நான் படுக்கல்லன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல்ல. கம்பியூட்டர் பேப்பர் சொன்ன பிறகுதான் நம்பினீங்க. நீங்களும்தான்."

"ஓம், நானும்தான்" என்றேன்.