டெமோ நாயகியும் என் அக்காவும்

என் வாயாடி அக்காவுக்கு,

வரும் ஞாயிறோடு நீ போய் ஒரு வருடம். வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிறோம். உன் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதி வாசிக்க வேண்டுமாம். "நீதானே அவ கதையெல்லாம் திருத்துவ" என்றாள் அம்மா.

திருத்தினேனா? கிழித்தேன். டிவி தொடர் ஒன்றின் போலீஸ்காரர்களை வைத்து இணையத்தில் ரசிகர் கதை எழுதுவாய். அதில் நீயாகச் சேர்த்த டாக்டர் மதி, வந்த முதல் நாளே கொலைகாரனைக் கண்டுபிடித்தாள். வீணை வாசித்தாள். துப்பாக்கியும் சுட்டாள். பழம் தின்று கொட்டை போட்ட இன்ஸ்பெக்டர் அவள் முன்னால் வாயைப் பிளந்து நின்றார்.

"இது வெறும் டெமோ, அக்கா" என்றேன். சிறுசேரியில் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. வாடிக்கையாளருக்குக் காட்டும் டெமோவில் எதுவும் பழுதாகாது. பழுதாகிற இடத்தை நாங்கள் தொடவே மாட்டோம்.

"அவ திறமைசாலியா இருந்தா உனக்கு ஏன்டா எரியுது?"

"திறமை தப்பில்ல. அவ ஜெயிக்கணும்னு மத்தவங்களை முட்டாளாக்குற பாரு, அதான் தப்பு. அவகிட்ட ஒரு குறை சொல்லு."

"ரொம்ப இளகின மனசு."

"அது குறையா? இன்டர்வியூல சொல்ற பதில்!"

கடைசியில் ஒரே ஒரு சோதனை வைத்தேன். அவள்மேல் நியாயமாகக் கோபப்படுகிற ஒருவராவது கதையில் உண்டா? இல்லையென்றால் அவள் டெமோ.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. மூன்றாம் நாள் புது அத்தியாயம் அனுப்பினாய். மதி தன் நோயைத் தாயிடம் மறைக்கிறாள். தாய் அவளை மன்னிக்கவே இல்லை. நீ எழுதியதிலேயே நல்லது அதுதான். அதை உன்னிடம் சொன்னேனா?

நேற்று உன் குறிப்பை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகளின் செல்ல டீச்சர். பாடகர் குழுவின் குரல். யாரையும் நோகடிக்காதவள். நோயைப் பொறுமையோடு சுமந்தவள்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "நல்லாத்தான் இருக்கு. யாருடா இவ?"

கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தேன்.

"ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நாலு மாசம் பாட்டு நோட்டுக்குள்ள மறைச்சு வெச்சாளே, அது எங்க? வாயுத் தொல்லைம்மான்னு என் மூஞ்சியப் பாத்து சொன்னா. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலடா."

"அதைப் போய் ஜெபக்கூட்டத்துல படிக்கவாம்மா?"

"படி. இல்லாட்டி யாரோ ஒருத்திக்கு ஜெபம் பண்ற மாதிரி இருக்கும்."

ராத்திரி வரை காத்திருக்கவில்லை, உடனே ரிப்போர்ட்டின் தேதியையும் நீ மதியின் அத்தியாயம் அனுப்பிய தேதியையும் பார்த்தேன். அந்த அத்தியாயத்தை நீ அனுப்பியபோது ரிப்போர்ட் உன் கையில் இருந்திருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்று நான் கண்டுபிடித்தது நாலு ஒற்றுப்பிழை. எனக்குத்தான் சொல்லிப் பார்த்தாயா, அக்கா?

ஞாயிறன்று எல்லாவற்றையும் வாசிப்பேன். பாடகர் குழுவில் நீ பாட்டு தொடங்கிய பிறகு வந்து முன்வரிசையில் முண்டியடித்து நின்றது, பெட்ரோல் தீர்ந்த என் வண்டியைச் சேலையூர் கேம்ப் ரோட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தது, நீ மறைத்தது, நான் கவனிக்காதது, அம்மா இன்னும் மன்னிக்காதது. எதையும் வழவழப்பாக்க மாட்டேன். உன்னை டெமோ ஆக்க மாட்டேன்.

அம்மாவுக்கு அடுத்து உன்மேல் கோபம் தீராத இரண்டாம் ஆள்,
உன் தம்பி