உன் இலையில் என்ன வைப்பது, மச்சான்?

என் பிரியமான மச்சான்,

நீ சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் இங்கே உன் வீட்டில், உன் சுகத்தைப் பற்றித்தான் நேற்றுவரை சண்டை. நீ போய் ஒரு வருசமாகிறது, வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு ஆட்டைத்திவசம். இலையில் உனக்கு என்ன படைப்பது என்பதில் உன் மனைவிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

வழக்கம் உனக்குத் தெரியும். போனவருக்கு எது விருப்பமோ அதைச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்து, பிறகு வீட்டார் சாப்பிடுவது. உன் விருப்பம் என்னவென்று இரணைமடு வாய்க்கால் நெடுக யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பச்சரிசி பொங்கி, தேங்காய்ப்பால் விட்டு, கஜுப் பருப்பு போட்டு, கையெல்லாம் பிசுபிசுக்கிற சர்க்கரைப் புக்கை. ஆனால் என் தங்கச்சி மலர் சீனி சேராத குரக்கன் மாப் பிட்டும் வல்லாரைச் சம்பலும்தான் வைப்பேன் என்று நின்றாள்.

“உனக்கென்ன விசரே? திவசத்துக்கு ஆராவது குரக்கன் பிட்டுப் படைப்பினமே?” என்று கேட்டேன்.

“அவருக்குச் சீனி வருத்தம் எண்டது உங்களுக்கு மறந்துபோச்சோ?”

“செத்த மனுசனுக்கு என்னடி சீனி வருத்தம்?”

“அங்க போயும் கூடினா ஆர் அண்ணை பாக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை, மச்சான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. நெல் விளைகிற வீட்டில் உனக்குச் சோற்றை அளந்து போட்டவள் அவள். “யுத்தத்தால பாதை பூட்டினா மருந்து வராது, சாப்பாட்டைத்தான் பிடிக்கவேணும்” என்று டாக்குத்தர் சொன்ன நாளிலிருந்து அவளுடைய குசினி ஆஸ்பத்திரியாகிவிட்டது. பாண் நின்றது. கோதுமை மா நின்றது. தவிடு போகாமல் குத்திய சிவத்த அரிசிச் சோறு, அதுவும் பூனைக்கு வைக்கிற அளவு. கலியாண வீட்டுப் பந்தியில்கூட உன் இலையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நீயும் லேசுப்பட்ட ஆளா? பிளேன்டீக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு நியாயம் பேசினாய். “டாக்குத்தர் சீனியைத்தானே வேண்டாமெண்டவர்? பனங்கட்டியைப் பற்றி மூச்சும் விடேல்லையே!” பனையிலிருந்து வருவது எல்லாம் மருந்து என்று பாதி ஊர் உனக்குத் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். பிறகு மண்வெட்டி பட்ட உன் கால் புண் ஆறவில்லை. பாதையும் திறக்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது பனங்கட்டியா, பூட்டிய பாதையா? யாரிடம் கேட்பது?

இப்போது உனக்குத் தெரியாத செய்தியைச் சொல்கிறேன். வயலில் எனக்கு அடிக்கடி தலை சுற்றியது. தண்ணீர் குடித்துக் குடித்தே தாகம் அடங்கவில்லை. மலருக்குச் சொல்லாமல் கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போனேன். மூத்திரத்தில் மருந்து விட்டுச் சூடாக்கிப் பார்த்தார்கள். நீலமாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. உனக்கு வந்த அதே நிறம்.

கலியாணம் கட்டாமல் உங்கள் வளவிலேயே இருந்துவிட்டவன் நான். எனக்கும் அவள்தான் சமைக்கிறாள். நீ போன பிறகு தனக்கென்று ஒன்றும் ஒழுங்காகச் செய்வதில்லை. ரொட்டித் துண்டும் தேத்தண்ணியும்தான். ஆனால் என் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் வெள்ளைச் சோற்றைக் குவிப்பாள். “நீங்களாவது வயிறு நிறையச் சாப்பிடுங்கோ அண்ணை, பாக்க ஆசையாக் கிடக்கு” என்பாள். அவளுக்கு மிஞ்சிய ஒரே சந்தோசம் அது. அதை எப்படித் தட்டிப் பறிப்பேன்? அவள் அங்கால் திரும்பும் நேரம் பாதியை நாய்க்குப் போடுகிறேன். நாய் கொழுத்துப்போய்க் குரைக்கவும் பஞ்சிப்படுகிறது.

மிச்சப் பாதியைத் தின்னவும் நிம்மதி இல்லை. முன்பு பசித்தால் சாப்பிட்டோம், அவ்வளவுதான். இப்போது மாம்பழத்தைக் கண்டால் பயம், பலாச்சுளையைக் கண்டால் கோபம். இது கெடுதல் செய்யுமா, அது செய்யாதா என்று வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நிற்கிறது. நீயும் இப்படித்தான் தவித்தாயா? உன்னைப் பகிடி பண்ணிக்கொண்டு பக்கத்தில் இருந்த எனக்கு இது ஏன் விளங்காமல் போனது?

நேற்றுக் காலையில் மலர் தானாக இறங்கி வந்தாள். “சரி, உங்கட விருப்பத்துக்குப் புக்கையே வைக்கிறன். ஆனா படைச்சதை அவருக்குப் பதிலா நீங்கள்தான் இருந்து சாப்பிடவேணும். கொஞ்சமும் மிச்சம் விடப்படாது.”

தண்ணி கட்ட வேண்டும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வரம்பில் அங்கும் இங்குமாக நடந்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை. சொன்னால் அவளை மறுபடியும் ஆஸ்பத்திரிக் குசினிக்குள் தள்ளுகிறேன். சொல்லாவிட்டால் அந்தப் புக்கையை அவள் கண்முன்னே தின்ன வேண்டும். உன்னை இழந்தவளுக்கு இரண்டில் எதைக் கொடுப்பது?

மத்தியானம் வந்து குசினி வாசலில் நின்றுகொண்டே எனக்கும் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டேன். தன் ரொட்டிக்குக் குரக்கன் மா அரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

“எப்ப பாத்தனீங்கள்?”

“போன மாசம்.”

“பிறகும் நான் போட்ட சோத்தைத் திண்டனீங்களோ?”

நாயைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எனக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவள் அரிதட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அப்ப ரெண்டும் சமைக்கிறன். குரக்கன் பிட்டு உங்களுக்கு. புக்கை அவருக்கு.” அடுப்புப் பக்கம் திரும்பினாள். “அவருக்கு இனி ஒண்டும் செய்யாது அண்ணை. உங்களுக்குத்தான் செய்யும்.”

சொல்லி முடித்ததும் அழத் தொடங்கினாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று அழாதவள், மச்சான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கையெல்லாம் மாவோடு, அப்படி அழுதாள். நீ போய்விட்டாய் என்பதை நேற்றுத்தான் அவள் நம்பினாள். பக்கத்தில் குந்தியிருந்து நானும் அழுதேன். உனக்காகவா, எனக்காகவா, தெரியாது.

இரவு என் கோப்பையில் பூனைச் சோறு வைத்தாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே இருந்து சாப்பிட்டாள். என் வயிறு நிறையவில்லை, மனதும் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் இலையில் என்ன வைப்பது என்று அவள் யோசிக்க ஒரு நாள் வராது. வாய் ஊறினாலும் பாதை பூட்டினாலும் நான் இருப்பேன். அவளை உன்னிடம் அனுப்பிவிட்டுத்தான் வருவேன்.

வெள்ளிக்கிழமை பயமில்லாமல் சாப்பிடு, மச்சான். இந்த முறை உன் இலையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

உன் மலரின் தமையன்,
உன் மச்சான்