அந்தத் தேதியில் அண்ணன் நாக்பூரில் இருந்தான்

என் அப்பாவுக்கு,

கோபக்கார மனுஷன் என்று ஊரே சொன்னாலும் என்னிடம் ஒருநாளும் கோபப்படாத உங்களுக்கு, உங்கள் சின்னவள் எழுதுகிறேன். இன்று நீங்கள் கோபப்படலாம். நானும் உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

அண்ணனின் அப்பீல் தள்ளுபடியாகிவிட்டது அப்பா. திங்கட்கிழமைக்குள் சரணடைய வேண்டும். ஒரு வருடம் ஜெயில்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்தது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். சங்ககிரி பைபாஸில் அண்ணன் ஓட்டிய நம் லாரியில் மோதி பைக்கில் வந்த ஒருவர் இறந்துபோனார். தவறான பக்கத்தில் வந்தது அவர்தான் என்றான் அண்ணன். கோர்ட் நம்பவில்லை. தண்டனை கொடுத்து, அப்பீலுக்கு முப்பது நாள் விட்டது. நாக்பூருக்கு லோடு கொண்டுபோனவன் சரக்கை இறக்க முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். கெடு தாண்டிவிட்டது.

கெடு தாண்டினால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுவும் அண்ணன் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலமும் வேண்டும். வக்கீல் குமாஸ்தா போன் செய்தார். "இன்னைக்கே கையெழுத்து வேணுமுங்க. அண்ணன் எப்ப வாராருங்க?"

நான் உங்கள் பீரோவைத் திறந்தேன். லாரியை எடுத்துக்கொண்டு லைனுக்குக் கிளம்பும்முன் வெள்ளைத்தாளில் பத்துக் கையெழுத்துப் போட்டு வைப்பீர்களே, பர்மிட்டுக்கு ஆகும், லாரியின் தகுதிச் சான்று எஃப்.சி.க்கு ஆகும் என்று. உங்களைப் பார்த்து அண்ணனும் அதையே செய்துவந்தான், என் கோபம் அதில்தான். அவன் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு தாளை எடுத்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். சேலத்தில் வக்கீல் முன்னிலையில் இன்ன தேதியில் கையெழுத்திட்டதாக அதில் டைப் அடித்தார். தாமதத்துக்கு ஆதாரமாக, எந்தத் தேதியில் லாரியோடு எங்கே இருந்தான் என்று காட்டும் அண்ணனின் டிரிப் ஷீட்டையும் நானே இணைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பார்த்தீர்களா?

புதன்கிழமை நீதிபதி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணனைக் கூப்பிட்டார்.

"இந்தத் தேதியில எங்க இருந்தீங்க?"

"நாக்பூர்லங்கய்யா."

"அப்ப சேலத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

"அதுவும் நாந்தானுங்க."

யாரோ சிரித்தார்கள். வாக்குமூலம் பொய், தாமதத்தை மன்னிக்க முடியாது, அப்பீல் தள்ளுபடி. லாரி எந்தப் பக்கம் வந்தது, பைக் எந்தப் பக்கம் வந்தது என்று ஒரு வார்த்தைகூடப் பேச்சு எழவில்லை. வெளியே இறந்தவரின் அம்மா நின்றிருந்தார். அவருடைய மகனுக்கு என்ன நடந்தது என்பதும் கேட்கப்படாமலே போயிற்று இல்லையா அப்பா?

ஐகோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் புது வக்கீலம்மா. ஆனால் தாளை எடுத்துக் கொடுத்தது யார் என்பது உட்பட நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமாம். "உங்க மேலயே கேஸ் வரலாம். கவர்மென்ட் வேலையில இருக்கறீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறான். "உம்பேரு வர வேண்டாஞ் சாமி. நாந்தான் குடுத்தேன்னு எழுதச் சொல்லு. ஒரு வருசம், கண்ண மூடித் தொறந்தாப் போயிரும். நா உள்ள போய்ட்டு வாரேன்." அண்ணி சோற்றை வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். ஒரு வார்த்தை திட்டினாலாவது தேவலாம்.

எனக்குத் தாலுகா ஆபீஸ் வேலை கிடைத்த அன்று தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் சொன்னபடியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன்.

இன்று காலை வக்கீலம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பான். நாளை அவர் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்து, தாளைக் கொடுத்தவள் நான் என்று என் பெயர் போட்டுக் கையெழுத்திடுவேன். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஜெயில் வாசல்வரை அவன் போகும்படி ஆனாலும், என் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போக விடமாட்டேன் அப்பா.

உங்கள் மகள்,
அவனுக்கு இருக்கிற ஒரே தங்கை,
செல்வி