பின் டயரில் நிற்கும் தண்ணீர்

அன்புள்ள என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் குறையில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் ஆரம்பித்தால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய், காகிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. அதனால்தான் நாலாம் வகுப்புக் கையெழுத்தோடு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார்.

உன் தம்பிக்கு வேலை கூடியிருக்கிறது. அந்தச் சின்ன டிராக்டரை வைத்துக்கொண்டு தோட்டம் உழ, மண் நிரவ, பள்ளிக்கூட மைதானத்தில் புல் வெட்ட என்று தூரத்திலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாடகை லாரிக்காரனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, எட்டு மணி என்றால் பதினொன்றுக்கு வருகிறான். அதனால் தன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் வாங்குவது என்று முடிவு. முடிவெடுக்க ஒரு நாள், எதை வாங்குவது என்று பேச ஒன்றரை மாதம், எனக்குக் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது. வெல்டிங்காரர் பட்டறையில் நாலு சக்கரத்து டிரெய்லர் ஒன்று தயாராக நிற்கிறது, அதற்கென்று தனி பிரேக் உண்டு. உன் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ரெண்டு சக்கரத்து டிரெய்லர் ஒன்று நிற்கிறது, பிரேக் கிடையாது, சும்மாவே எடுத்துக்கடா என்கிறார். நீயும் அவனிடம், சித்தப்பாவோடதையே எடுத்துக்கடா, விட்டுப்போன உறவும் ஒட்டும் என்று சொன்னாயாம். சொன்னாயாம் என்ன, நீ போனில் கத்திப் பேசியது அடுப்படியில் நின்ற என் காதிலேயே விழுந்தது. சித்தப்பா மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்காதே, கேட்டால் வரிசையாகச் சொல்லுவேன். ஏணியை இரவல் வாங்கிப் போய் ஒரு படி இல்லாமல் திருப்பிக் கொடுத்தது உன் தம்பி பிறந்த வருஷம். உன் கல்யாணத்தில் குழம்பு தண்ணியா இருக்கே அண்ணி என்று சம்பந்தி காதுபடச் சொன்னபோது நீலச் சட்டை போட்டிருந்தார், மேல் பொத்தான் இல்லை. ஆனால் இந்தத் தடவை நல்ல மனசோடுதான் தருகிறார், அது எனக்கே தெரிகிறது, அதுதான் சங்கடம். கெட்ட மனசோடு தந்திருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

உன் தம்பி டிராக்டரோடு வந்த புத்தகத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டான். டிராக்டர் எண்ணூறு கிலோ, முன்னால் மண் அள்ளுகிற தொட்டி இருநூறு, பின்னால் உழுகிற கலப்பை நூற்றைம்பது. சித்தப்பா டிரெய்லர் தகட்டில் ஆயிரத்து இருநூறு தாங்கும் என்று போட்டிருக்கிறது. பாரும்மா, இன்னும் அம்பது கிலோ மிச்சம் என்றான், ஏதோ பரீட்சையில் முதல் ஆளாக வந்தவன் மாதிரி. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்ணியச் சேத்தியாடா என்றேன். எந்தத் தண்ணி என்றான். பின் டயர் தண்ணி என்றேன். டயர்ல காத்துதான்மா இருக்கும், போய்ப் படு என்றான். எனக்கு வந்ததே கோபம். கொண்டை ஊசியை உருவிக்கொண்டு போய்ப் பின் டயர் வால்வு கீழே இருந்த பக்கமாய்ப் பார்த்து, மூடியைக் கழற்றி ஊசியால் ஒரு அழுத்து அழுத்தினேன். அவன் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அதற்கப்புறம் என்னைப் படுக்கச் சொல்லவில்லை.

அவனுக்குத் தெரிய நியாயமில்லை, தண்ணீர் நிரப்பிய அன்றைக்கு அவன் காய்ச்சலில் கிடந்தான், நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சரிவில் டிராக்டர் ஒரு பக்கமாய்த் தூக்கி, உன் அப்பா குதித்து இடுப்பில் அடிபட்டது. கடைசி வரைக்கும் இடது காலை இழுத்து இழுத்து நடந்தாரே, அது அந்தச் சரிவு கொடுத்தது. கீழே கனம் இருந்தால் கவிழாது என்று மெக்கானிக் சொல்லி ரெண்டு பின் டயரிலும் தண்ணீர் நிரப்பினோம். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். உன் சித்தப்பா படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே, என்ன அண்ணி, டிராக்டருக்குத் தாகமா என்றார். இப்போது கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லையே அண்ணி என்கிறார். கடலை தின்றது கூடவா என்று கேட்டேன், அதற்கும் சிரிப்புத்தான்.

சட்டை நனைந்த மறுநாள் உன் தம்பி டிராக்டரை எடை மேடைக்கு ஓட்டிப்போய் நிறுத்தினான். ஆயிரத்து முன்னூற்று எழுபது. சித்தப்பாவையும் அவர் மாமனாரையும் சேர்த்து மேலே உட்கார வைத்த மாதிரி கூடுதல். அவ்வளவும் பிரேக் இல்லாமல் பின்னால் தள்ளினால் இறக்கத்தில் பிக்கப் என்ன ஆகும் என்று வெல்டிங்காரர் கையாலேயே காட்டினார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. உன் தம்பி ஒரு வாரமாக வேறு பாட்டுப் பாடுகிறான், தண்ணியத் தொறந்து விட்டுட்டா எடை சரியாயிடும்மா, சித்தப்பா மனசும் நோகாது, அக்கா சொன்ன மாதிரியும் ஆச்சு என்று. சாலையில் பிழைப்பதற்காகச் சரிவில் சாகப் போகிறானா. அவனுக்கு வருகிற வேலையில் பாதி மேட்டுத் தோட்டம். நான் சொன்னால் உனக்குச் சித்தப்பாவைப் புடிக்காது, அதான் பேசறே என்கிறான். இத்தனை வருஷம் கோபத்தைச் சேர்த்து வைத்ததற்கு இதுதான் பலன், உண்மையைச் சொன்னாலும் கோபமாகத்தான் கேட்கிறது. எனக்கு அசதியாக இருக்கிறது மகளே. கெட்டவளாக இருந்து பழகிவிட்டேன், அது ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அவன் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார இனி என் உடம்பில் தெம்பில்லை. நீ சொன்னதை நீயேதான் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு சக்கரத்தையே எடு, தண்ணீரைத் தொடாதே என்று சொல். சித்தப்பாவிடமும் நீயே பேசு, உன்னிடம் அவருக்கு வாஞ்சை உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

டயர் வால்வைக் கழற்றுகிற அந்தச் சின்னச் சாவியை நாலு நாளாகக் காணோம், அது இல்லாமல் தண்ணீரை முழுக்க வடிக்க முடியாது. பஞ்சர் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார், பதினைந்து நாள் கழித்துத்தான் கடை திறப்பார். உன் தம்பி வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுகிறான். பாவம் என்று இந்த முழங்காலோடு நானும் கூடவே குனிந்து தேடுகிறேன். அது உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

பேத்தியைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உட்கார்ந்தாலும் எழுந்தாலும் எனக்கு அதே நினைப்புத்தான். கடிதம் கிடைத்ததும் போன் போடு, எனக்கு வேண்டாம், அவனுக்கு. நீ பேசி முடித்து அவன் சரி என்று சொன்ன மறுநிமிஷம் சாவி கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
எதையும் மறக்கத் தெரியாத உன் அம்மா