இடது கணுக்கால்

ஏப்ரல் 6

என் வாயாடிக் கண்ணுக்கு,

முதலில் வீட்டுச் சேதி. உன் பெரியப்பா மகன் பாலம் கட்டும் கம்பெனியில் தலைமைப் பொறியாளன் ஆகிவிட்டான், கீழே நாற்பது பேர். உன் அக்கா சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி திறந்துவிட்டாள். வாசல் பலகையில் அவள் பேர் என் உயரத்துக்கு இருக்கிறது. அத்தை மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு. கோப்பையை நேரே கொண்டுவந்து என் மடியில்தான் வைத்தாள்.

உன்னைச் சொல்லாமல் விடுவேனா? எதிர்வீட்டுத் தையல்காரியிடம், "எங்க வீட்ல ஒருத்தி பாடுறா, பஸ் ஸ்டாப் சுவரெல்லாம் அவ படம்தான்" என்றேன். என்ன மாதிரிப் பாட்டு என்று கேட்டாள். வேகமான பாட்டு என்று சொல்லி வைத்தேன்.

தாடை இரண்டு இடத்தில் உடைந்து, வாயைக் கம்பியால் கட்டியிருப்பதாக உன் அம்மா சொன்னாள். போனில் நான் மட்டும் பேசி, அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவதைக் கேட்க என்னால் ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வரவில்லையே என்று நினைக்காதே. முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை.

கூட்டத்தில் யாரோ இழுத்துவிட்டார்களாமே. கூட்டமென்றால் அப்படித்தான். யாரென்று தேடி என்ன ஆகப்போகிறது? பல்லை அக்கா கட்டித்தருவாள். விட்டுவிடு கண்ணு.

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாத,
பாட்டி

ஏப்ரல் 12

பாட்டிக்கு,

சாப்பாடா? உறிஞ்சுகுழலில் கஞ்சித் தண்ணீர். ஏழு கிலோ இறங்கிவிட்டேன். வாயாடி என்று இனி யாரைக் கூப்பிடுவாய்?

விட்டுவிடு என்கிறாய். எங்கள் கச்சேரியை நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். அது நடப்பது சலவைக் கடைக்குக் கீழே ஒரு நிலவறையில். நூறு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இருநூறு பேர். மோதுவார்கள், குதிப்பார்கள், மூக்கில் ரத்தம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் கொலை நடப்பது போல இருக்கும். ஆனால் எங்களுக்குள் ஒன்று உண்டு: எவர் விழுந்தாலும் பக்கத்தில் நிற்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். ஆறு வருஷமாக நான் மேடையிலிருந்து அவர்கள் மேல் சாய்ந்துகொண்டுதான் பாடுகிறேன். ஒரு நாளும் என்னைக் கீழே விட்டதில்லை.

அன்று ஒரு கை என் இடது கணுக்காலைப் பிடித்து இழுத்தது. ஸ்பீக்கர் விளிம்பில் முகம் குப்புற விழுந்தேன். ஐந்து விரல் தடமும் இன்னும் காலில் இருக்கிறது. இனி வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காது என்கிறார் டாக்டர். பேசலாம், ஆனால் பாட முடியாது.

யாரென்று எனக்குத் தெரியும். நெட்டையன்தான். முன்பு எங்கள் டிரம்ஸ்காரன். போன மாதம் அவனை நீக்கினோம். அந்த இடத்தில்தான் நின்றான். கேட்டால், "சத்தியமா நான் இல்லடி. ஒரு கிழவி இழுத்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்கிறான். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் கிழவி ஏது பாட்டி?

வியாழக்கிழமை போலீசில் அவன் பேரை எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறேன். வெல்டிங் பட்டறையில் இப்போதே அவனை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

வாயாடி

ஏப்ரல் 15

கண்ணு,

அந்தக் கிழவி நான்தான்.

இதற்கு மேல் படிக்க மனமில்லை என்றால் மடித்து வைத்துவிடு. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

சுவரில் உன் படத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி என்று போட்டிருந்தது. நீ பாடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட்டு வந்து தையல்காரியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய். வாசலில் சீட்டுக் கிழித்தவள், "பாட்டி, உள்ள காது கிழிஞ்சிரும்" என்று பஞ்சு கொடுத்தாள். உள்ளே போனதும் நாலு பக்கமும் முட்டித் தள்ளினார்கள். உயரமான ஒரு பையன்தான் என்னை மேடையோரம் சுவரோடு நிறுத்தி, எனக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். "யாரோட வந்தீங்க பாட்டி?" என்றான். யாரோடும் இல்லை என்றேன். உனக்கு வெட்கமாகிவிடுமே என்று உன் பாட்டி என்று சொல்லவில்லை.

அப்புறம் நீ அவர்கள் மேல் சாய்ந்தாய். இருபது கை உன் தலையையும் கழுத்தையும் பிடித்தது. உன் வாய் அவ்வளவு அகலமாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அது பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு. கொல்கிறார்கள், நீ கத்திக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். கைக்கு எட்டியது உன் கால் ஒன்றுதான். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிப் போர்வை பிழிந்த கை இது. என் பலம் எல்லாவற்றையும் போட்டு இழுத்தேன்.

நீ விழுந்ததும் அத்தனை பேரும் குனிந்தார்கள். பாட்டு நின்றது. எவன் எவனோ சட்டையைக் கழற்றி உன் முகத்தில் ஒற்றினான். நான் படியேறி, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். இழுத்தது அறியாமல் செய்தது. வந்துவிட்டது அறிந்து செய்தது. முழங்காலில் எனக்கு ஒரு வலியும் இல்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதுகிறவர் என் வயதை இரண்டு தடவை கேட்டார். "பேத்தியைக் காப்பாத்துறேன்னு போய் பேத்தி தாடையவே உடைச்சிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எழுதி வாங்கிக்கொண்டார். பட்டறைக்கும் போய் முதலாளியிடம் சொன்னேன். அந்தப் பையன் அங்கே இல்லை. நீதான் அவனைக் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டால் வரமாட்டான்.

இரவெல்லாம் தாள் முன்னால் உட்கார்ந்து மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அது எனக்காகக் கேட்பது போலவே இருந்தது. அடித்துவிட்டேன்.

கண்ணை மூடினால் உன் பழைய முகம்தான் வருகிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை நான் ஒன்றும் செய்யாதவள் மாதிரி இருந்துவிடுகிறேன். அது கூடாது. கம்பியோடு, தையலோடு, இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே புதிதாக ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு. கடிதம் வேண்டாம், படம் மட்டும் போதும்.

பாட்டி