மூணாங்கண்ணில் வைத்த மரத்துண்டு

மார்ச் 4, செவ்வாய்
ஆற்றுப் பாலத்தின் மேல்தளத்தை அக்கரையிலிருந்து பெயர்க்கிறார்கள். தூணுக்குத் தூண் ஒரு கண், மொத்தம் ஆறு. இடிக்கிற சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தளத்துக்குக் கலவைச் சட்டி சுமந்தவள் நான். பெயரட்டும்.

மார்ச் 6
பஸ் ஓட்டுகிற மகன் சாப்பிடும்போது சொன்னான்: "ஆறு கண்ல அஞ்சுக்குத்தான் புதுத் தளமாம். மூணாங்கண்ணுக்கு அடிப்பூச்சு வழவழன்னு இருக்குதாம். மேல தாரை மட்டும் மாத்தினா போதுமாம்."
சோறு இறங்கவில்லை. அந்தப் பூச்சு எதை மூடப் பூசினது என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 7
எழுதிவிடுகிறேன். கம்பிக்கு அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டை வைத்துத் தூக்கினால்தான் சுற்றிலும் கலவை இறங்கும். மூணாங்கண்ணுக்கு அன்று கட்டை தீர்ந்துபோச்சு. மேஸ்திரி பலகையை நறுக்கிக் கொடுத்தான். "மரம் உளுத்துடுமே" என்றேன். "சட்டி தூக்கற உனக்கு என்ன தெரியும்? வாயை மூடிட்டு வை"ன்னான், எல்லார் முன்னாலயும். வைத்தேன். இருபத்துமூன்று துண்டு. என் கை. அடியில் மரம் தெரியாமல் பூச்சு பூசி மூடினது அவன்.

மார்ச் 8
மகனிடம் சொன்னேன். "நீதான் வச்சேன்னு நீயே போய்ச் சொல்வியா? உன்னைத்தாம்மா பிடிப்பாங்க!"
பிடிக்கட்டும். பாலம் திறந்ததும் தினம் எட்டு நடை அதன் மேல் போகப்போகிறவன், எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்.

மார்ச் 10
பாலத்து இன்ஜினியரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவனுக்கு என் பேரன் வயசு. "பாட்டி, வரைபடத்துல அப்படி எதுவும் இல்லையே."
"வரைபடமா தம்பி சட்டி சுமந்துச்சு?"
சிரித்தான். நாளைக்குப் பார்க்கிறானாம்.

மார்ச் 11
பார்க்கவில்லை.

மார்ச் 12
தார் வண்டி வந்துவிட்டது. மூணாங்கண் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "எழுந்திருங்க பாட்டி, தார் கொதிக்குது" என்றான் காவலாள். "நானும்தான்" என்றேன்.
மத்தியானம் இன்ஜினியர் சுத்தியலோடு வந்து, ஆற்று மணலில் ஏணி போட்டு அடிப்பக்கம் ஏறினான். மேலிருந்து கத்தினேன் — தூணிலிருந்து ரெண்டு முழம், கிழக்கோரத்திலிருந்து நாலடி. தட்டினான். பூச்சு பாளமாய் விழுந்தது. கம்பி துருவேறி நூலாய் இளைத்துக் கிடந்தது. மரம் இருந்த இடமெல்லாம் பொந்து. ஒரு துண்டு மட்டும் பாதி உளுத்துக் கையோடு வந்தது.
அவன் சிரிக்கவில்லை. என்னையே கேட்டுக்கொண்டேன்: இத்தனை வருஷம் ஏன்டி சும்மா இருந்தே?
"யார் வச்சதுன்னு எழுதறது பாட்டி?"
"என்னையே எழுது. வைக்கச் சொன்னவனையும் சேர்த்து எழுது."

ஏப்ரல் 2
அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப்போய் மேஸ்திரி மடியில் போட்டேன். கண் தெரியாதாம். தடவியே கண்டுகொண்டான். "அன்னைக்கு மழை வந்துடுச்சும்மா, அவசரம்..."
"மழையா? சுள்ளுனு வெயில். உன் மச்சான் கல்யாணத்துக்கு மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கற அவசரம்."
வாயைத் திறக்கவில்லை. இப்போது அவன் முறை.

ஆகஸ்ட் 19
ஆறு கண்ணுக்கும் புதுத் தளம். மகன் பஸ்ஸில் முன் சீட்டில் போனேன். மூணாங்கண் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
"ரோட்டைப் பாருடா" என்றேன்.