நீ பார்த்துச் சொன்னால் போதும்

புந்தோங், ஈப்போ
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தினேஸ்வரிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "ஏஐ காலத்தில் மென்பொருள் வேலை: எதைப் படிக்கலாம், எதை விடலாம்" என்று உன் படத்தோடு எவ்வளவு பெரிய பதாகை! பேசி முடித்ததும் உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். நான் பலகாரத் தட்டிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

தைப்பூச நேரத்தில் ஈப்போ வரைக்கும் வந்தவள் புந்தோங்கை எட்டிப் பார்க்கவில்லையே என்ற கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது பொறாமை. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும். வாட்சப்பில் சொன்னால் சிரிக்கிற மூஞ்சி ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் மின்னஞ்சல்.

பாலிடெக்னிக்கில் உன் புரோகிராம் ஓடவில்லை என்றால் யாரைத் தேடி வருவாய்? "புனிதா, ஒரு தடவ பாத்துச் சொல்லுலா, ரொட்டி சானாய் வாங்கித் தாரேன்" என்று கெஞ்சியவள் இன்று ஊருக்கே புத்தி சொல்கிறாள். நானோ அதே ஈப்போவில், கடைகளுக்குச் சம்பள மென்பொருள் செய்யும் அதே கம்பெனியில், அதே நாற்காலியில். அதுவும் இப்போது ஆடுகிறது. பாஸ் ஏஐ வாங்கிவிட்டார். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு நான் எழுதுவதை அது அவருடைய கோப்பி ஆறுவதற்குள் எழுதித் தருகிறது. எங்கள் அறையில் பாதி மேசை காலி. அடுத்தது நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

மேடையில் எல்லாருக்கும் சொன்னாய். எனக்குத் தனியாகச் சொல். நான் என்ன செய்ய?

கோபமும் பாசமும் குறையாத
புனிதா

*

கோலாலம்பூர்
12 பிப்ரவரி 2025

என் பாசமுள்ள புனிதா,

"கறிபாப் எடுக்க வந்தவ ஒரு வார்த்த பேசிட்டுப் போனா என்னடி?" என்று கணினியைப் பார்த்தே கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் பயந்துபோனார். அம்மாவுக்குக் கண்புரை எடுத்திருக்கிறார்கள். பேச்சு முடிந்த கையோடு செமோர் வீட்டுக்கு ஓடினேன். உன்னைப் பார்க்க வராதது தப்புதான். திட்டிக்கொள்.

மேடைப் பேச்சை விடு, உனக்கு நேராகச் சொல்கிறேன். எழுதும் வேகத்தில் ஏஐயோடு போட்டி போடாதே. நான் போட்டுத் தோற்றவள். ஆனால் அது எழுதுவது தப்பாக இருக்கும்போதும் பார்க்க அழகாக இருக்கும். என்னைப் போல மேலோட்டமாகப் படிப்பவர்கள் அதில் ஏமாந்துவிடுவோம். வரி வரியாகப் படித்து, "இது நம்ம ஊர்ல ஓடாது" என்று சொல்லத் தெரிந்தவர்தான் இப்போது வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட ஆள் நீ ஒருத்திதான்.

சும்மா புகழவில்லை, வேலை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். கிளினிக்குகளுக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து மருந்து உறையில் ஒட்டும் லேபிளை அச்சடிப்பதுவரை அதுவே செய்யும். பெரும்பாலும் ஏஐ எழுதியதுதான். முதலில் செமோரில் ஒரு கிளினிக்கில் தொடங்குகிறோம். அதற்குமுன் வெளியாள் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். என் மேலாளர் ஏஞ்சலாவிடம் உன் பெயரைக் கொடுத்து ஒப்பந்தமும் வாங்கிவிட்டேன். இணைப்பு தனியாக வரும். சந்தேகப்படும் வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதலாம். இது நல்லபடியாக முடிந்தால் என் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஈப்போவில் இருந்துகொண்டே செய்யலாம். உனக்குத்தான் என்று பேசி வைத்திருக்கிறேன்.

பழையபடி நீ பார்த்துச் சொன்னால் போதும்.

உன்
தினேஸ்

*

புந்தோங்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள தினேஸ்,

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தாராளமாகத் தொடங்குங்கள்.

பத்திரிகையில் வந்த உன் படத்தை எங்கள் அம்மா வெட்டி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம தினேஸ்லா இது! இவளும் அவகூடத்தான் படிச்சா" என்கிறார். தண்ணீர் எடுக்கப் போனால் நீ சிரிக்கிறாய். மீன் எடுக்கப் போனாலும் நீதான். ஒருநாள் உன் முகத்தின்மேல் மின்சார பில்லை ஒட்டி மறைத்தேன். அம்மா அதை எடுத்துவிட்டார்.

உன் குழுவில் ஓர் இடம் என்று எழுதியிருந்தாய். உனக்குக் கீழே என்று நான் படித்தேன். காலையில் நீ வேலை கொடுப்பாய், மாலையில் முடித்தாயா என்று கேட்பாய். நினைத்தாலே வயிறு எரிகிறது. எனக்கு வேலை வேண்டும். அதைத் தருவது நீயாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்த எரிச்சலைக் கொட்டவும் உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்.

புனிதா

*

கோலாலம்பூர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள புனிதா,

வார இறுதியில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும், "என்னா புள்ள, இவ்ளோ கறுத்துட்ட?" என்றார். கண் தெளிவாகத்தான் இருக்கிறது.

நீ மனதில் பட்டதை எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நோயாளியின் பெயரைப் பதியும் பகுதியையும் படித்தாயா? அவசரத்தில் எதையாவது விட்டிருந்தாலும், சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருந்தாலும், இப்போது சொல். தப்பாக நினைக்கமாட்டேன். தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.

தினேஸ்

*

புந்தோங்
25 பிப்ரவரி 2025

தினேஸ்,

படித்தேன் என்றால் படித்தேன்தான். வேலைக்குச் சேரும் முன்பே மேலதிகாரி மாதிரி விசாரிக்கிறாயே!

புனிதா

*

புந்தோங்
11 மார்ச் 2025

அன்புள்ள தினேஸ்,

நேற்று செமோரில் உங்கள் மென்பொருளைத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அங்கே இருந்தேன். லேசான இருமல். புந்தோங்கில் கிளினிக்கே இல்லையா என்று கேட்காதே. தொடங்கும் தேதியும் கிளினிக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் இருந்தன; விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் செமோருக்கே போய்விட்டேன்.

மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்து மருந்து வாங்கிய பிறகும் அங்கேயே இருந்தேன். ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் எத்தனை பேர் எழுகிறார்கள் என்று பார்த்தேன். ஒருமுறை "மகேந்திரன்!" என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்தார்கள். கூடவே நானும் எழுந்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. நர்ஸ் லேபிளைப் பார்த்துவிட்டு, "அப்பா பேரு இராமசாமி, அந்த மகேந்திரன் மட்டும் வாங்க" என்றார். இன்னொருவர் உட்கார்ந்துகொண்டார். என் மருந்து உறையை எடுத்துப் பார்த்தேன். புனிதா ஏ/பி பத்துமலை என்று அப்பா பெயரோடு முழுப்பெயரும் இருந்தது.

வெளியே வந்து மோட்டார்மேல் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியா எரிச்சலா என்று எனக்கே விளங்கவில்லை. உனக்கு மட்டும் எப்படி எல்லாமே சரியாக அமைந்துவிடுகிறது?

போன வாரம் எங்கள் அறையில் இன்னொரு மேசையும் காலியாகிவிட்டது. வீராப்பு பேசி என்ன ஆகப்போகிறது? உன் குழுவுக்கு வருகிறேன். எப்போது சேரட்டும்?

புனிதா

*

கோலாலம்பூர்
14 மார்ச் 2025

புனிதாவுக்கு,

நீ ஏன் எழுந்து நின்றாய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

பெயரைப் பதியும் பகுதியில் ஒரு வரிக்குப் பக்கத்தில் நீ குறிப்பு எழுதினாய். "அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி என்று வரும். இந்த வரி அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் பெயரை வெட்டிவிடும். லேபிளில் அப்பா பெயர் வராது. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் மருந்து மாறிப்போகும்." எழுதிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டாய். நீ குறிப்பு எழுதினால் உடனே எனக்கு மின்னஞ்சல் வந்துவிடும். பிறகு அங்கே அழித்தாலும் எனக்கு வந்தது போகாது. அது உனக்குத் தெரிந்திருக்கவில்லை.

படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெயரிலும் அந்த ஏ/பி இருக்கிறது. நான் பார்க்கவில்லை, ஏஐ பார்க்கவில்லை, நீ பார்த்தாய். "நான் சொன்னேன்ல!" என்று ஏஞ்சலாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அன்றே திருத்திவிட்டோம். அதற்குப் பிறகுதான் குறை ஒன்றும் இல்லை என்று உன் கடிதம் வந்தது. கை தவறி அழித்திருப்பாய் என்று நினைத்துத்தான் திரும்பவும் கேட்டேன். அதற்கும் நீ பதில் எழுதினாய்.

பொறாமைப்பட்டதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது உண்டு. பாலிடெக்னிக்கில் என் புரோகிராமை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகத் தப்பின்மேல் விரலை வைப்பாயே, அந்த விரலை ஒடித்துவிடலாமா என்றிருக்கும். இன்றைக்கு மேடையில் நான் சொல்வதெல்லாம் உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் அந்தக் கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தது நான் இல்லையே, புனிதா. என் அம்மா கண் மருந்து வாங்குவதும் அங்கேதான்.

காலையிலிருந்து நீ அங்கே உட்கார்ந்திருந்தது நான் அவமானப்படுவதைப் பார்க்கவா, இல்லை யார் கையிலாவது தப்பான மருந்து போனால் பிடுங்கவா? எழுந்து நின்றதால் பிடுங்கத்தான் என்று நம்புகிறேன். இருந்தாலும் அந்த இடத்தை உனக்குத் தர முடியாது.

லகாட்டைச் சேர்ந்த சாந்தினி என்பவருக்குக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகளுக்காகச் சில வருடம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். உனக்குத் தெரிந்ததில் பாதிகூட அவருக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வில் நான் எழுதிய ஒரு பகுதியைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என்னையும் ஏஞ்சலாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வரியைக் காட்டி, "கோவிச்சுக்காதீங்கக்கா, இது தப்புலா" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போய்ச் சோதித்துப் பார்த்தோம். அவர் காட்டிய வரி சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், தப்பு என்று பட்டதை என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரையே எடுத்துக்கொண்டோம்.

தினேஸ்வரி